மூச்சு வாங்குவது பயத்தினாலா? சண்டை விளையாட்டு வீரர்களின் மனநிலை பற்றி ஓர் எளிய அறிமுகம்

சமவெளியிலிருந்து உதகைக்கு வந்து குத்துச்சண்டைப் பயிற்சி ஆட்டத்தில் இறங்கும் ஒரு மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று முடிவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கால் கனக்கிறது. 'இன்றைக்கு என்னவோ பயமாக இருக்கிறது' என்று அவன் தனக்குள் முடிவு கட்டிவிடுகிறான். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதயம் வேகமெடுக்க அந்த மலையே போதும், எதிரே நிற்பவன் தேவையில்லை. காரணம் தெரியாதவனுக்கோ அந்தப் படபடப்பு அச்சமாகத் தோன்றுகிறது. அப்படித் தோன்றிய சற்று நேரத்தில் அச்சம் உண்மையிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

மலைப் பிள்ளைகள் கீழே இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. கோத்தகிரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்குள் பாதிப் பேருக்குக் குமட்டல் வந்துவிடும். போட்டிக்கு முன் எடை பார்க்க வேண்டும் என்பதற்காக வெறும் வயிற்றோடு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கோவையில் இறங்கியதும் ஏப்ரல் வெயில் முகத்தில் அடிக்கிறது; குளிருக்குப் பழகிய உடல் வியர்த்து வழிகிறது, வெப்பத்தைத் தணிக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. வளைவும் வெயிலும் பட்டினியும் சேர்ந்து செய்த வேலையை அந்தப் பிள்ளை தன் கோழைத்தனத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நான் குன்னூரில் ஒரு சிறிய பயிற்சிக்கூடத்தில் மாலை நேரங்களில் உதவிக்கு நிற்பவன். இந்தத் தவறான கணக்கைப் பலமுறை பார்த்திருப்பதால், விளக்கத்தை இங்கிருந்தே தொடங்குவது நல்லது என்று எண்ணுகிறேன்.

உடலின் கிளர்ச்சிக்கு மனம் தவறான காரணத்தை ஒட்டிவிடும் இந்த இயல்பு உளவியலில் நன்கு அறியப்பட்ட ஒன்றாகும். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் ஆகிய இருவர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் தொங்குபாலத்தில் ஒரு பெண்ணால் பேட்டி காணப்பட்ட ஆண்கள், உறுதியான தாழ்ந்த பாலத்தில் பேட்டி காணப்பட்டவர்களைவிட அதிகமாக, பின்னர் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பாலம் தந்த படபடப்பை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பாலத்தையும் காதலையும் குழப்பிக்கொள்ளும் மனம், மலைக்காற்றையும் பயத்தையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, டேக்வாண்டோ, கராத்தே, வாள்வீச்சு, நம் சிலம்பப் போட்டி ஆகியவை சண்டை விளையாட்டுகள் எனப்படுகின்றன. கால்பந்தில் ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் இறங்கலாம். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் கூடாரத்துக்குப் போய் உட்காரலாம். சண்டை விளையாட்டில் மாற்றாள் கிடையாது. எதிரே இருப்பவரின் வேலையே நம்மை அடிப்பது, வீழ்த்துவது அல்லது தொடுவது என்பதால், தோல்வி உடம்பிலேயே வந்து விழுகிறது. நேரமும் மிகக் குறைவு: அமெச்சூர் குத்துச்சண்டையில் 3 நிமிடச் சுற்றுகள் மூன்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு, மல்யுத்தத்தில் 3 நிமிடப் பகுதிகள் இரண்டு, நடுவே 30 நொடி மட்டும். மனம் தடுமாறினால் அதைச் சரிசெய்துகொள்ள அரை நாள் கிடைக்காது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான் கிடைக்கும்.

போட்டிக்கு முன் வரும் பதற்றத்தை விளையாட்டு உளவியலாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எண்ணத்தில் ஓடும் பதற்றம் ஒன்று: 'தோற்றுவிடுவேனோ, ஊரில் என்ன சொல்வார்கள், அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாரே' என்பன போன்ற நினைவுகள். உடலில் ஓடும் பதற்றம் மற்றொன்று: வறண்ட வாய், வயிற்றில் ஒரு பிசைவு, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, கை விறைப்பு. இவ்விரண்டும் ஒன்றாக வரலாம், தனித்தனியாகவும் வரலாம். பிரித்துப் பார்ப்பதன் பயன் என்னவென்றால், மருந்து வேறு வேறு. விறைத்த கையை நல்ல எண்ணங்களால் தளர்த்த முடியாது. உறைபனி விழுந்த சனவரிக் காலையில் உதகையை அடுத்த தலைகுந்தாவிலிருந்து வரும் சிறுவனுக்கு முதலில் வேண்டியது ஊக்கப் பேச்சு அன்று, இன்னும் பத்து நிமிடம் கயிறு தாண்டி உடலைச் சூடாக்குவதுதான். அதேபோல, 'ஊரில் என்ன சொல்வார்கள்' என்ற நினைவை எத்தனை தண்டால் எடுத்தாலும் விரட்ட முடியாது.

பதற்றமே இல்லாமல் இருப்பதுதான் சிறந்த நிலை என்பது தொடக்க நிலையினரிடம் பரவலாக உள்ள எண்ணம். 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் எலிகளை வைத்துச் செய்த சோதனை இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். மின்னதிர்ச்சியின் தூண்டுதல் கூடும்போது எளிய வேலையை எலிகள் விரைவாகக் கற்றன. கடினமான வேலையிலோ, ஓர் அளவுக்கு மேல் தூண்டுதல் கூடியதும் கற்றல் கெட்டது. எலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இதைக் கவிழ்த்துவைத்த 'U' எழுத்துப் போன்ற வளைகோடாகப் பலகையில் வரைந்து எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிடும் வழக்கமும் எனக்கு உடன்பாடானதன்று. ஆனாலும் பயிற்சிக்கூடத்தில் நாள்தோறும் காண்பது அதனோடு ஒத்துப்போகிறது. பையை ஓங்கிக் குத்துவதற்குக் கிளர்ச்சி உதவுகிறது. எதிராளியின் தோள் அசைவைப் பார்த்து அவர் எதைத் தொடங்குகிறார் என்று கணிப்பதற்கு அது இடையூறாகிறது. கிளர்ச்சி மிகும்போது கவனத்தின் வட்டம் சுருங்குகிறது என்பதை உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959இல் எடுத்துரைத்தார். வீரர் எதிராளியின் வலக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடக்கை தெரிவதில்லை, கயிற்றருகே வந்துவிட்டது தெரிவதில்லை, மூலையில் தொண்டை கிழியக் கத்தும் பயிற்சியாளரின் குரலும் கேட்பதில்லை. 'சொன்னதைக் கேட்கவே இல்லை' என்று பிறகு திட்டு வாங்கும் பிள்ளைகள் பலருக்கு அது உண்மையாகவே காதில் விழுந்திருக்காது.

இனிச் சமாளிக்கும் திறன் என்றால் என்ன என்று பார்ப்போம். உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகிய இருவரும் 1984இல் விரிவாக முன்வைத்த விளக்கமே இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஒரு நெருக்கடி வரும்போது மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது: 'இதில் எனக்கு என்ன ஆபத்து அல்லது என்ன வாய்ப்பு?' என்பது முதற்கேள்வி; 'இதை எதிர்கொள்ள என் கையில் என்ன இருக்கிறது?' என்பது அடுத்தது. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்காதபோதுதான் நெருக்கடி மனத்தை அழுத்தத் தொடங்குகிறது. ஆட்டப் பட்டியலில் சென்ற ஆண்டின் மாநில வெற்றியாளருக்கு எதிரே தன் பெயரைப் பார்க்கும் மாணவிக்கு முதற்கேள்வியின் விடையை மாற்ற வழியில்லை. 'அவள் வலக்காலை உயர்த்தும்முன் இடப்பக்கம் நகர்ந்துவிடுவேன். அதை இரண்டு மாதமாகப் பழகியிருக்கிறேன்' என்று இரண்டாம் கேள்விக்கு அவளிடம் ஒரு விடை இருக்குமானால், அதே பட்டியல் அவளுக்கு வேறு விதமாகத் தெரியும்.

இந்த அறிஞர்கள் சமாளிப்பை இரு வகையாகப் பிரித்தார்கள். பிரச்சினையையே மாற்ற முயல்வது ஒரு வகை. பிரச்சினை தந்த உணர்வைத் தணித்துக்கொள்வது மற்றொரு வகை. முதல் வகைதான் வீரம், இரண்டாவது வகை தப்பித்தல் என்று நினைத்துவிடக் கூடாது. எதிராளி இடக்கைக்காரர் என்றால் கால் வைப்பை மாற்றிக்கொள்ளலாம், அது முதல் வகை. நடுவர் தவறாகப் புள்ளி கொடுத்துவிட்டால் சுற்றின் நடுவே மாற்றுவதற்கு எதுவுமில்லை. அங்கே எரிச்சலை அடக்கிக்கொள்வது ஒன்றே செய்யத்தக்க வேலை. எது மாறும், எது மாறாது என்று பிரித்தறிவதற்கே பயிற்சி வேண்டியிருக்கிறது. சிவப்பு மூலை கிடைக்குமா, நீல மூலை கிடைக்குமா (மூலையின் நிறமே வீரர் அணியும் நிறமும்) என்பதில் மனத்தைச் செலவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் சண்டைப் போட்டிகளில் சிவப்பு அணிந்தவர்கள் சற்றே கூடுதலாக வென்றார்கள் என்று 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மைதான். ஆனால் மூலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு இல்லாதபோது அதைப் பிள்ளையின் காதில் போடுவதால் கவலை ஒன்று கூடுவதைத் தவிர வேறு பயனில்லை.

நானும் ஒரு காலத்தில் தவறான உதவியைச் செய்தவன்தான். முதல் போட்டிக்குப் போகவிருந்த ஒரு பையனிடம், கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டே, "பயப்படாதே, பயப்படாதே" என்று நான்கைந்து முறை சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், என் மூஞ்சி அவ்வளவு பயந்த மாதிரியா தெரியுது?" என்று கேட்டான். அதுவரை அவன் பயந்திருந்தானோ என்னவோ, அதற்குப் பிறகு பயந்துவிட்டான். 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்துகிறது: பாட்டு, பேச்சு, கணக்கு ஆகியவற்றுக்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். படபடக்கும் உடலை அமைதியாக இருக்கச் சொல்வது, பள்ளத்தில் இறங்கும் வண்டியை நட்டநடுவில் நிறுத்தச் சொல்வதைப் போன்றது. அதே படபடப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது, ஏனெனில் உற்சாகத்திலும் இதயம் இப்படித்தான் துடிக்கிறது.

குத்துச்சண்டையில் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே வரும் அந்த 60 நொடிகளைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் இந்தத் திறன்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது விளங்கும். மணி அடித்ததும் வீரர் வந்து முக்காலியில் உட்காருகிறார். பல்காப்பை வெளியே எடுத்து அலசுகிறார்கள். முதல் பத்துப் பதினைந்து நொடிகளுக்கு நல்ல பயிற்சியாளர் எதுவும் பேசமாட்டார். 'ஊது' என்ற ஒரே சொல்லைச் சொல்லுவார். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமாகிறது, வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாகச் சற்றுத் தணிகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டுவதுதான் இங்கே முக்கியம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக எண்ணிச் செய்யும் பயிற்சி போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு நன்று. மூன்று நிமிடம் அடிபட்டு வந்தவரிடம், அதுவும் உதகையின் காற்றில், அதைக் கேட்டால் அவருக்கு மூச்சுத்திணறல்தான் மிஞ்சும். அடுத்த இருபது நொடியில் ஒரே ஒரு கட்டளை: 'இடக்கையைக் கீழே இறக்காதே' என்பது போல, உடலால் செய்யக்கூடிய ஒன்று. மூன்று கட்டளைகள் தந்தால் அவர் மூன்றையும் மறந்துவிடுவார். பிறகு ஒரு மிடறு தண்ணீர், துண்டு, பல்காப்பு. 'செகண்ட்ஸ் அவுட்' (உதவியாளர்கள் வெளியேறுங்கள்) என்று குரல் வருகிறது, முக்காலியை இழுத்துவிடுகிறார்கள், வீரர் எழுந்து நிற்கிறார். இந்த வரிசை ஒவ்வொரு முறையும் மாறாமல் இருப்பதே அதன் வலிமை. அடுத்து என்ன என்று மனம் தேட வேண்டியதில்லை.

இதே அடிப்படையில் அமைந்தது 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் உத்தி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் இதனை ஆராய்ந்து விளக்கினார். 'நன்றாக ஆடுவேன்' என்ற உறுதிமொழி மங்கலானது. 'முகத்தில் அடி விழுந்தால் உடனே இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து, கையை உயர்த்தி, ஒருமுறை ஊதுவேன்' என்பது உடம்புக்குப் புரியும் மொழி. அடி விழுந்த அந்தக் கணத்தில் யோசிக்க நேரமில்லை, யோசிக்கவும் கூடாது. நன்கு பழகிய அசைவை நெருக்கடியில் ஒவ்வொரு படியாகக் கவனித்துச் செய்ய முயன்றால், படி இறங்கும்போது காலைப் பார்த்து இறங்குபவர் தடுக்கிவிழுவதைப் போல, அந்த அசைவே குலைந்துவிடுவதுண்டு. அனுபவமுள்ளவர்களும் பெரிய மேடையில் திடீரென்று சாதாரணப் பிழைகளைச் செய்வதற்கு இது ஒரு காரணம்.

கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சண்டை விளையாட்டுக்குக் கோபம் எரிபொருள் என்று நம்புகிறவர்கள் ஏராளம். விதிக்குள் நின்று எதிராளியை வெல்வதற்காகக் காட்டும் ஆக்ரோஷம் வேறு, அவருக்கு வலிக்க வேண்டும் என்பதற்காகவே காட்டும் வெறி வேறு. 1997 சூன் 28 அன்று லாஸ் வேகஸில் மைக் டைசன் மூன்றாம் சுற்றில் இவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்துத் தகுதியிழந்தார். முதல் சுற்றுகளில் ஹோலிஃபீல்டின் தலை மோதி டைசனின் புருவத்துக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது. நடுவர் அதைத் தற்செயல் என்று தீர்ப்பளித்திருந்தார். உலகின் மிக அஞ்சப்பட்ட குத்துச்சண்டை வீரரிடம், தன் விருப்பப்படி நடக்காத ஒரு தீர்ப்பை விழுங்கிக்கொள்ளும் திறன் அன்று இல்லாமல் போயிற்று.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சுட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடல்நிலையை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதே மிக வலியது. 'நீ சிங்கம்' என்று முதுகில் தட்டும் மூன்றாம் ஊற்றை நாம் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம். அது சீக்கிரம் வற்றிவிடும். சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கூடுதல் பலமுள்ள துணையோடு பயிற்சி ஆட்டம் வைத்து, மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் கூச்சலிடச் செய்து, வேண்டுமென்றே ஒருமுறை தவறான தீர்ப்பும் கொடுத்துப் பார்த்தால், போட்டி நாளில் அவை பழைய அனுபவமாக வந்து நிற்கும்.

வீரர்களை எடைவாரியாகப் பிரிக்கும் எடைப் பிரிவு, இந்த விளையாட்டுகளில் பலவற்றில் ஒரு மனச்சுமை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவின் முதல் ஆட்டத்தில் ஜப்பானின் யுய் சுசாகியிடம் 0–2 எனப் பின்தங்கியிருந்து, கடைசி நொடிகளில் 3–2 என்று வென்றார். நெருக்கடியில் மனம் சிதறாமைக்கு அதைவிடச் சிறந்த காட்சி அரிது. மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். தண்ணீரைக் குறைத்து எடையிறக்கும் வீரருக்கு எரிச்சல், கவனக்குறைவு, தூக்கமின்மை எல்லாம் வரும். அவற்றை மனவலிமைக் குறைவு என்று பிறர் படித்துவிடுகிறார்கள். 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது உயிரிழந்ததையடுத்தே அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு: குளிரில் தாகம் எடுப்பதில்லை. எடை குறைக்காத பிள்ளைகூட நாள் முழுவதும் இரண்டு டம்ளர் தேநீரோடு நிறுத்திக்கொண்டு, மாலைப் பயிற்சியில் தலைவலிக்கிறது என்று சோர்ந்து நிற்கும்.

எல்லாவற்றையும் சமாளிக்கச் சொல்லவும் கூடாது. தலையில் அடிபட்டபின் தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம், வெளிச்சம் கூசுதல், வழக்கமில்லாத எரிச்சல் இருந்தால் அது மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும், 'பல்லைக் கடித்துக்கொண்டு நில்' என்று சொல்லும் இடமன்று அது. தோல்விக்குப் பின் வாரக்கணக்கில் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் குறைந்துபோன பிள்ளைக்கும் மூச்சுப் பயிற்சி போதாது. அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

இந்தத் திறன்களை அளந்து பார்க்க உளவியலாளர் ரொனால்ட் ஸ்மித் குழுவினர் 1995இல் 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். துன்பத்தைத் தாங்குதல், நெருக்கடியில் மேலெழுதல், இலக்கு வைத்து மனத்தைத் தயார்செய்தல், கவனம், கவலையின்மை, தன்னம்பிக்கையோடு கூடிய ஊக்கம் ஆகியவற்றோடு, பயிற்சியாளரின் திருத்தத்தை மனம் புண்படாமல் ஏற்கும் தன்மையும் அதில் ஏழாவது திறனாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இந்த ஏழாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அது பாதி பயிற்சியாளரின் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர். 2021 சூலை 26 அன்று முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்று, இரண்டாவதை பிரான்சின் மனோன் புருனேயிடம் 7–15 என்று இழந்தார். அன்றே சமூக ஊடகத்தில் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றம் எதுவும் அதில் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆசிய வாள்வீச்சுப் போட்டியில், அப்போதைய உலக வெற்றியாளரான ஜப்பானின் மிசாகி எமுராவை 15–10 என்று வீழ்த்தி வெண்கலம் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியும். நம் கூடத்துப் பிள்ளைகளின் மனத்தில் நடப்பதில் ஒரு பகுதியை மட்டும் நாம் பார்க்க முடிகிறது: தோற்றுவிட்டுத் திரும்பும் இரவுப் பேருந்தில், மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத் தொடங்கியதும், சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசாமல் வரும் பிள்ளையின் முகத்தில். அப்போது 'ஏன் தோற்றாய்' என்ற கேள்விக்கு விடை இருக்காது. குன்னூர் நெருங்கிக் குளிர் ஏறத் தொடங்கும்போது, "இரண்டாவது ரவுண்டுல முதல் அடி எந்தப் பக்கம் வாங்கினேம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். சற்று நேரம் கழித்து, "இடப்பக்கம், மாஸ்டர். கையை இறக்கிட்டேன்" என்று பதில் வரும்.